ஓவர்வாட்ச் ஸ்கின்கள்: பழைய லூட் பாக்ஸ் நியாயமானதா, இன்றைய கடை நியாயமானதா?

மருதன் கேட்கிறார்:

ஓவர்வாட்ச் என்ற ஆன்லைன் சுடும் விளையாட்டு 2016 மே மாதம் வெளியானதிலிருந்து, நடுவே சில இடைவெளிகள் இருந்தாலும், அதை ஆடிவருகிறேன். என் அண்ணன் மகன் 2022-இல் ஓவர்வாட்ச் 2 வந்தபோது சேர்ந்தான். இருவரும் ஒரே அணியில் இறங்குகிறோம். ஆனால் என் கணக்கில் ஏறக்குறைய ஒவ்வொரு ஹீரோவுக்கும் (ஆடும் பாத்திரத்துக்கும்) இரண்டு மூன்று லெஜண்டரி ஸ்கின்கள், அதாவது அரிய தர அலங்கார உடைகள், இருக்க, அவனுடைய ஹீரோக்கள் பெரும்பாலும் தொடக்க உடையிலேயே நிற்கிறார்கள். என்னிடம் உள்ளவற்றில் ஒன்றுக்குக்கூட நான் தனியாகக் காசு கொடுத்ததில்லை என்று சொன்னால் அவனுக்கு நம்பிக்கை வரவில்லை.

பழைய முறையைப் பார்த்திராதவர்களுக்காகச் சொல்கிறேன். அப்போது விளையாட்டை ஒரு முறை விலை கொடுத்து வாங்கினோம். கணினியில் 40 டாலர், கன்சோலில் 60 டாலர். அதற்குப் பிறகு வந்த ஹீரோக்களும் மேப்புகளும் எல்லோருக்கும் இலவசம். ஒவ்வொரு லெவல் ஏறும்போதும் ஒரு லூட் பாக்ஸ், அதாவது உள்ளே என்ன இருக்கும் என்று தெரியாத பரிசுப் பெட்டி, கிடைத்தது. திறந்தால் பெட்டி அதிர்ந்து, நான்கு வட்டுகள் மேலே பறந்து விழும். அவற்றில் ஒன்று பொன்னிறமாக ஒளிர்ந்தால், அது தரையைத் தொடுவதற்கு முன்பே லெஜண்டரி என்று தெரிந்துவிடும். ஏற்கெனவே வைத்திருக்கும் பொருளே மறுபடியும் வந்தால் அதற்கு ஈடாகக் கொஞ்சம் கிரெடிட் தருவார்கள். அப்படிச் சேர்த்த கிரெடிட் 1000 ஆனதும் விரும்பிய லெஜண்டரி ஸ்கினை நேராக எடுத்துக்கொள்ளலாம்.

2022 அக்டோபர் 4 அன்று ஓவர்வாட்ச் 2 இலவச விளையாட்டாக வந்தபோது இந்த ஏற்பாடு முழுவதும் போய்விட்டது. பெட்டிக்குப் பதிலாக பேட்டில் பாஸும் (ஆட ஆடப் படி ஏறிப் பரிசு பெறும் சீசன் அனுமதி; இலவசத் தடமும் கட்டணத் தடமும் உண்டு) கடையும் வந்தன. முதல் சீசனின் கணக்கைப் பாருங்கள். கடையில் ஒரு லெஜண்டரி ஸ்கின் 1900 காயின் (விளையாட்டுக்குள் செல்லும் நாணயம்). வாராந்தரச் சவால்கள் அத்தனையையும் முடித்தால் வாரத்திற்கு 60 காயின். அதாவது ஒரு வாரம்கூடத் தவறாமல் ஆடினாலும் ஒரே ஒரு ஸ்கினுக்கு 32 வாரங்கள் ஆகும். பேட்டில் பாஸின் விலை 1000 காயின்; சீசனோ 9 வாரங்கள்தான்; அந்த 9 வாரங்களில் சேர்வது 540 காயின். ஆகவே ஆடிச் சம்பாதித்த காயினை மட்டும் வைத்து அந்தச் சீசனின் பாஸை அந்தச் சீசனுக்குள் வாங்கவே முடியாது.

லூட் பாக்ஸ் சூதாட்டத்திற்கு ஒப்பானது என்று உலகெங்கும் குரல் எழுந்தது. அந்தக் குரலில் உண்மை இருந்ததை நான் மறுக்கவில்லை. ஆனால் அது நீக்கப்பட்டபோது, காசு செலவழிக்காமல் நேரத்தை மட்டும் கொடுத்து ஆடியவருக்குக் கிடைத்துவந்ததும் சேர்ந்து போய்விட்டது. பலர் சேர்ந்து ஆடும் ஒரு ஷூட்டரின் பொருளாதாரம் நியாயமானதா என்பதை எதை வைத்து அளப்பது? நேரம் கொடுப்பவருக்கு என்ன கிடைக்கிறது என்பதை வைத்தா, காசு கொடுப்பவர் எப்படி நடத்தப்படுகிறார் என்பதை வைத்தா?


கீழைக்காற்று மறுமொழி:

உங்கள் இரண்டாவது அளவுகோலிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் முதலாவதற்கான விடை அதில்தான் அடங்கியிருக்கிறது என்று கருதுகிறேன். உங்களுக்குக் கிடைத்த பெட்டிகள் இலவசமாகக் கிடைத்தன என்பது சரி. ஆனால் ஆண்டுக்கணக்கில் புதிய ஹீரோக்களையும் மேப்புகளையும் கூடுதல் கட்டணமில்லாமல் கொடுத்த ஒரு விளையாட்டுக்கு அந்தச் செலவில் ஒரு பங்கை யாரோ ஏற்றிருக்க வேண்டும். அதே பெட்டிகளைக் காசு கொடுத்து வாங்கியவர்கள்தாம் ஏற்றார்கள். 2 பெட்டி 1.99 டாலரில் தொடங்கி, 50 பெட்டி 39.99 டாலர் வரை விற்றார்கள்.

சீனாவில் 2017 மே மாதம் நடைமுறைக்கு வந்த விதி, இத்தகைய பெட்டிகளில் எது எவ்வளவு வாய்ப்புடன் வரும் என்பதை நிறுவனங்கள் வெளியிட வேண்டும் என்றது. அதன்படி வெளியான கணக்கில், சராசரியாக 13.5 பெட்டிக்கு ஒரு லெஜண்டரி என்று இருந்தது. மிக மலிவான 50 பெட்டிக் கட்டில் வாங்கினால்கூட ஒரு லெஜண்டரிக்கு ஏறத்தாழ 11 டாலர் ஆகிறது. இது அதிகமில்லை என்று தோன்றலாம். ஆனால் அது ஏதோ ஒரு லெஜண்டரி. உங்களுக்கு வேண்டிய லெஜண்டரி அன்று. 2016 ஆகஸ்டில் நடந்த முதல் கோடை விளையாட்டு நிகழ்வை நீங்கள் நினைவில் வைத்திருப்பீர்கள். அந்த ஸ்கின்களைக் கிரெடிட் கொடுத்து எடுக்க வழியே இருக்கவில்லை. மூன்று வாரத்திற்குள் பெட்டியிலிருந்து வந்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. பிற்பாடு நிகழ்வு ஸ்கின்களைக் கிரெடிட்டுக்குக் கொடுத்தார்கள். ஆனால் மூன்று மடங்கு விலையில், ஒரு லெஜண்டரிக்கு 3000 கிரெடிட்டாக. எல்லோரும் குறிப்பிட்ட ஒன்றை விரும்பும் அந்த மூன்று வாரங்களில், பொறுமை குறைந்தவரும் கையில் வங்கி அட்டை வைத்திருப்பவரும் என்ன செய்வார்கள் என்பதை விளக்க வேண்டியதில்லை.

பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம் 2018 ஏப்ரலில் ஓவர்வாட்ச், ஃபிஃபா 18, கவுன்டர்-ஸ்ட்ரைக்: குளோபல் ஆஃபென்சிவ் ஆகிய மூன்று விளையாட்டுகளின் கட்டணப் பெட்டிகளும் தன் நாட்டுச் சட்டப்படி சூதாட்டமே என்று அறிவித்தது. அதே ஆண்டு டேவிட் ஜெண்டில், பால் கெய்ன்ஸ் என்ற ஆய்வாளர்கள் 7,422 விளையாட்டாளர்களிடம் நடத்திய கணக்கெடுப்பில், சூதாட்டச் சிக்கல் எவ்வளவு தீவிரமாக இருக்கிறதோ அவ்வளவுக்கு லூட் பாக்ஸ் செலவும் கூடியிருந்தது தெரிந்தது. பெட்டிதான் அந்தச் சிக்கலை உண்டாக்கியது என்று இந்த ஆய்வு நிறுவவில்லை. ஏற்கெனவே அந்தச் சிக்கல் உள்ளவர்கள் பெட்டியை நோக்கி ஈர்க்கப்பட்டிருக்கவும் கூடும். இரண்டில் எது உண்மையானாலும், பெட்டிகளுக்கு அதிகம் கொடுத்தவர்களில் தங்களைக் கட்டுப்படுத்த மிகவும் சிரமப்பட்டவர்கள் இருந்தார்கள் என்பது மாறாது.

ஓவர்வாட்சை மட்டும் குறை சொல்வதும் சரியன்று. அதன் ஸ்கினை விற்கவோ இன்னொருவருக்கு மாற்றிக்கொடுக்கவோ முடியாது. அதனால் அதற்குச் சந்தை விலை என்று ஒன்று உருவாகவில்லை. கவுன்டர்-ஸ்ட்ரைக்கில் நிலைமை வேறு. 2013 ஆகஸ்டிலிருந்து அங்கே பெட்டியும் அதைத் திறக்கும் சாவியும் இருக்கின்றன. ஒரு சாவி 2.49 டாலர், கத்தியோ கையுறையோ வர 0.26 சதவீத வாய்ப்பு. சராசரியாக 385 பெட்டிக்கு ஒன்று, சாவிச் செலவு மட்டும் 950 டாலருக்கு மேல். வந்த பொருளை விற்கலாம் என்பதால் சிலர் அதை முதலீடாகவே வைத்திருந்தார்கள். 2025 அக்டோபரில் கோவர்ட் என்ற உயர்தர ஸ்கின்கள் ஐந்தைக் கொடுத்து ஒரு கத்தியையோ கையுறையையோ பெறலாம் என்று விதியை மாற்றியபோது, கத்திகளின் விலை ஒரே இரவில் சரிந்தது.

ஆகவே உங்கள் அண்ணன் மகன் 1900 காயின் என்ற எண்ணைப் பார்த்துக் கசப்படைவது எனக்குப் புரிகிறது. ஆனாலும் அவன் பார்ப்பது ஒரு விலை. வாங்குவதா வேண்டாமா என்று முன்கூட்டியே முடிவெடுக்க அவனால் முடியும். பெட்டிக்குக் காசு கொடுத்தவருக்கு அந்த வசதி இருக்கவில்லை.


ஆதிரை மறுமொழி:

கீழைக்காற்று சொன்னவற்றில் பெரும்பகுதியை ஏற்றுக்கொள்கிறேன். கடைசிப் பத்தியை மட்டும் ஏற்க முடியவில்லை. 1900 காயின் என்பதை ஒரு விலை என்று எப்படிச் சொல்வது? கடையில் காயின் 1000 அடங்கிய கட்டாக 9.99 டாலருக்கும், 2200 அடங்கிய கட்டாக 19.99 டாலருக்கும் விற்கப்பட்டது. 1900 காயின் ஸ்கின் வேண்டுமென்றால் 2200 கட்டைத்தான் வாங்கியாக வேண்டும். மீதி 300 காயின் கணக்கில் கிடக்கும்; அதைக் கொண்டு உருப்படியாக எதையும் வாங்க முடியாது; அடுத்த கட்டு வாங்கும் வரை அது கண்ணை உறுத்திக்கொண்டே இருக்கும். 1900, 2200 என்ற இரண்டு எண்களும் தற்செயலாக அமைந்தவை என்று நான் நம்பவில்லை. டாலரை ஒரு முறை காயினாக மாற்றிவிட்டால் மனம் டாலரில் கணக்குப் போடுவதை நிறுத்திவிடும். இந்த ஏற்பாட்டின் முழுப் பயனும் அதுதான்.

இரண்டாவது, பேட்டில் பாஸ் சீசனோடு முடிந்துவிடுகிறது. பணம் கொடுத்து வாங்கிய பிறகும், 80 படிகளை 9 வாரத்திற்குள் ஏறி முடிக்காவிட்டால், உச்சிப் படியில் இருந்த மிதிக் ஸ்கின் (மிக அரிய தர உடை) தொடக்கச் சீசன்களில் கைக்கு வராமல் போனது. முதல் சீசனில் அது கெஞ்சி என்ற ஹீரோவின் சைபர் டீமன் ஸ்கின். தேர்வு எழுதும் மாணவரும், குழந்தை பிறந்த வீட்டில் இருப்பவரும், இரவுப் பணிக்குப் போகிறவரும் ஒரே தொகையைக் கட்டிவிட்டு, வேலையில்லாத நேரம் அதிகம் உள்ளவரைவிடக் குறைவாகப் பெறுகிறார்கள். பிற்காலத்தில் பழைய மிதிக் ஸ்கின்களைத் தனியாகப் பெற வழி செய்தார்கள் என்றாலும், அதற்கும் மறுபடி ஒரு நாணயம், மறுபடி ஒரு கட்டணம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, முதல் சீசனில் கிரிக்கோ என்ற புதிய ஹீரோவையே இலவசத் தடத்தின் 55-ஆம் படியில் வைத்தார்கள். பாஸ் வாங்கியவருக்கு அவள் உடனே கிடைத்தாள். எதிரணி யாரை எடுக்கிறதோ அதற்கேற்ப ஹீரோவை மாற்றிக்கொள்வதே இந்த விளையாட்டின் உயிர். ஒரு ஹீரோ இல்லாமல் களத்தில் நிற்பது ஒரு கருவி குறைந்து நிற்பதற்குச் சமம். இது உடை சம்பந்தப்பட்ட விஷயமே அன்று. 2024 ஏப்ரலில் பத்தாம் சீசனில் எல்லா ஹீரோக்களையும் எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். அதை மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் அதற்கு ஒன்றரை ஆண்டு ஆனது.

இனி மருதன் கேட்டதற்கு வருகிறேன். ஓவர்வாட்ச் முதல்-ஆள் பார்வையில் ஆடப்படும் விளையாட்டு. ஆடும்போது நம் ஸ்கினில் நமக்குத் தெரிவது இரண்டு கைகளும் துப்பாக்கியும்தான். முழு உருவத்தையும் பார்ப்பவர்கள் மற்ற ஆட்டக்காரர்கள். அதனால் ஒரு ஸ்கின் முதலாவதாக மற்றவர்களுக்குச் சொல்லப்படும் ஒரு செய்தி. அது எப்படிக் கைக்கு வந்தது என்பதைப் பொறுத்தே அந்தச் செய்திக்குப் பொருள் உண்டாகிறது. ஹேலோ 3 என்ற விளையாட்டில் ஹயபூசா கவசம் அணிந்த ஒருவர் எதிரே வந்தால், அவர் கதைப்பகுதி முழுவதும் ஒளித்துவைக்கப்பட்ட மண்டையோடுகளைத் தேடிச் சேர்த்தவர் என்று தெரியும். முதுகில் வாளும் இருந்தால், அந்த விளையாட்டின் 1000 புள்ளிகளுக்கான சாதனைகளையும் முடித்தவர். அதை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. அந்தக் கவசத்தைக் கண்டு எனக்கு ஒருபோதும் பொறாமை வந்ததில்லை. எப்படிப் பெற்றார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளும் ஆர்வம்தான் வந்தது.

ஓவர்வாட்சிலும் அப்படி ஒன்று இருந்தது: தங்க ஆயுதங்கள். தரவரிசை ஆட்டங்களில் சேரும் புள்ளிகள் 3000 கொடுத்தால் ஒரு ஹீரோவின் ஆயுதம் பொன்னாகும். காசுக்கு அதை விற்கவில்லை. ராயின்ஹார்ட் என்ற ஹீரோவின் சுத்தியல் பொன்னாக மின்னினால், அவரை ஆடுபவர் அந்த ஹீரோவோடு நெடுநாள் வாழ்ந்தவர் என்று அணியினருக்குப் புரியும். நியாயமான பரிசு என்று நான் கருதுவது இதைத்தான். எல்லா ஸ்கினும் இப்படியே இருக்க வேண்டும் என்று கேட்கவில்லை. உழைப்பால் மட்டும் வரும் ஒரு பகுதியைக் கடை தீண்டாமல் விட்டுவைக்க வேண்டும் என்கிறேன்.


மருதன்:

இருவருக்கும் நன்றி. எனக்குக் கிடைத்த பெட்டிகளுக்கு யார் கொடுத்தார்கள் என்ற கோணத்தில் நான் இதைப் பார்த்ததில்லை. அது மனதில் தைத்தது.

இன்னும் இரண்டு கேள்விகள். 2025 பிப்ரவரியில் பதினைந்தாம் சீசனோடு லூட் பாக்ஸ் திரும்ப வந்திருக்கிறது; ஆனால் கடையில் தனியாகப் பெட்டி விற்பதில்லை; ஆட்டத்தாலும் பாஸாலும் மட்டுமே வருகிறது. இது நீங்கள் சொன்ன குறையைத் தீர்த்துவிட்டதா? மேலும், பாஸ் வாங்கித் தரச் சொல்லி அண்ணன் மகன் கேட்கிறான். சீசனுக்குள் முடிப்பானா என்று தெரியாத நிலையில் வாங்கித் தருவது சரியா?


பொன்வண்டு மறுமொழி:

இரண்டாவது கேள்விக்கு விடை எளிது என்பதால் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். சீசன் தொடங்கியதும் பாஸ் வாங்க வேண்டிய தேவை இல்லை. இலவசத் தடத்தில் ஏறிய படிகள் கணக்கில் இருக்கும்; சீசன் முடிவதற்கு முன் எப்போது வாங்கினாலும், அதுவரை ஏறிய படிகளின் கட்டணப் பரிசுகள் அத்தனையும் ஒரே நேரத்தில் வந்துசேரும். எனவே கடைசி வாரம் வரை ஆடட்டும். எத்தனை படி ஏறினான் என்று பார்த்து, கிடைக்கப்போகும் பொருள்கள் அந்த விலைக்குத் தகும் என்றால் வாங்கிக் கொடுங்கள். படிகளைக் காசு கொடுத்து வாங்குவதை மட்டும் அனுமதிக்காதீர்கள்.

புதிய பெட்டிகளைப் பொறுத்தவரை, முன்பைவிட நிச்சயமாக மேல் என்பேன். வாய்ப்பு விகிதங்களை விளையாட்டிலேயே காட்டுகிறார்கள். 20 பெட்டிக்குள் ஒரு லெஜண்டரி வந்தே தீரும் என்ற உறுதியும் உண்டு. அதிர்ஷ்டம் கெட்டவர் முடிவில்லாமல் திறந்துகொண்டே இருக்கும் நிலை இல்லை. அதைவிட முக்கியம், இன்னும் ஒன்றே ஒன்று என்று இரவில் அட்டையை எடுப்பவருக்கு வாங்குவதற்கு எதுவும் இல்லை. கீழைக்காற்று சுட்டிய தீங்கின் வேர் தற்செயலில் மட்டும் இருக்கவில்லை. தற்செயலும் பணமும் ஒரே பொத்தானில் சந்தித்ததில் இருந்தது. அந்தச் சந்திப்பைப் பிரித்துவிட்டால், பெட்டி திறக்கும் அந்தச் சிறு மகிழ்ச்சியைச் சிறுவர்களிடமிருந்து பறிக்க வேண்டிய காரணம் எனக்குத் தெரியவில்லை. கட்டணப் பாஸிலும் சில பெட்டிகள் வருகின்றன என்பது உண்மை. ஆனால் அவற்றின் எண்ணிக்கைக்கு எல்லை உண்டு.

இவற்றையெல்லாம் பேசும்போது ஒன்றை மறந்துவிடக் கூடாது. 2016-இல் உள்ளே வரவே 40 டாலர் கேட்டார்கள். மருதனின் அண்ணன் மகன் ஒரு பைசா கொடுக்காமல் உள்ளே வந்தான். அந்த 40 டாலரைக் கொடுக்க முடியாத எத்தனையோ பிள்ளைகள் அவனோடு வந்தார்கள். உடையில்லாமல் ஆட முடிவதும், ஆடவே முடியாமல் போவதும் ஒன்றல்ல. சர்வருக்கும், ஏமாற்றுக்காரர்களைப் பிடிப்பவர்களுக்கும், புதிய ஹீரோக்களை வரைபவர்களுக்கும் மாதந்தோறும் சம்பளம் போயாக வேண்டும். வெற்றிக்கு உதவாத அலங்காரத்தை விற்று அந்தச் செலவை ஈடுகட்டுவது, இருக்கும் வழிகளில் குறைந்த தீங்குள்ளது. ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃபிரண்ட் 2, 2017 நவம்பரில் எதைச் செய்ய முயன்றது என்று நினைத்துப் பாருங்கள். 60 டாலர் கொடுத்து வாங்கிய விளையாட்டில் டார்த் வேடர் என்ற பாத்திரத்தைத் திறக்க 60,000 கிரெடிட் கேட்டார்கள். ஆட்டத்தில் பலம் கூட்டும் ஸ்டார் கார்டுகளைப் பெட்டியில் போட்டு விற்றார்கள். எதிர்ப்பு வலுத்து, வெளியீட்டுக்கு முந்தைய நாள் கட்டண வாங்கல்கள் அத்தனையையும் நிறுத்தினார்கள். மறு ஆண்டு ஸ்டார் கார்டுகளை ஆடி மட்டுமே பெறும்படி மாற்றினார்கள். வெறும் அலங்காரம் என்ற எல்லையும் தானாக நின்றுவிடாது. கால் ஆஃப் டியூட்டி: வார்சோனில் ரோஸ் என்ற ஆப்பரேட்டருக்கு (ஆடும் பாத்திரத்துக்கு) வந்த முழுக் கறுப்பு உடை, இருண்ட மூலைகளில் நிற்பவரைக் கண்ணுக்கே தெரியாமல் செய்தது, பேட்டில் பாஸ் பரிசாக வந்த அந்த உடை ஆட்டத்தின் வெற்றி தோல்வியைப் பாதித்தது. பெரும் புகார்களுக்குப் பிறகே அதை மாற்றினார்கள்.

சீசனோடு முடிந்துபோகும் பாஸ் குறித்து ஆதிரை சொன்னதை வரிக்கு வரி ஆதரிக்கிறேன். அது தவிர்க்க முடியாத வணிகத் தேவை என்று யாராவது சொன்னால், ஹேலோ இன்ஃபினிட், ஹெல்டைவர்ஸ் 2 என்ற விளையாட்டுகளைக் காட்டுங்கள். முதலாவதில் வாங்கிய பேட்டில் பாஸ் காலாவதியாவதில்லை. இரண்டாவதில் வார்பாண்டுகள் என்ற பாஸ்கள் எப்போதும் திறந்திருக்கும். அவற்றை வாங்கத் தேவையான சூப்பர் கிரெடிட்டுகளைக் களத்திலேயே தேடிப் பொறுக்கிக்கொள்ளவும் முடியும். வாரத்தில் ஒரு நாள் மட்டும் ஆடுபவரும் தான் கொடுத்த காசுக்குரியதை ஒரு நாள் பெறுவார்.

ஆனால் முதலில் மாற வேண்டியது எது என்று கேட்டால், காயின் கட்டுகள் என்றே சொல்வேன். ஐரோப்பிய நுகர்வோர் பாதுகாப்பு அமைப்புகளின் கூட்டமைப்பு 2025 மார்ச்சில் விளையாட்டு நாணயங்கள் குறித்துச் சில கோட்பாடுகளை வெளியிட்டது. பொருளின் விலையை உண்மையான பணத்திலும் தெளிவாகக் காட்ட வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. வாங்குபவரைத் தனக்குத் தேவையில்லாத அளவு நாணயத்தை வாங்க வைக்கக் கூடாது என்பது இன்னொன்று. அந்த இரண்டை மட்டும் கடைப்பிடித்தால், 1900 காயின் ஸ்கினின் பக்கத்தில் அதன் டாலர் விலை எழுதப்பட்டிருக்கும். வேண்டிய 1900-ஐ மட்டும் வாங்கிக்கொள்ளலாம். அந்த மீதி 300 காயின் யாருடைய கணக்கிலும் தங்காது. இதைச் செய்ய ஒரு ஹீரோவையும் மாற்ற வேண்டாம், ஒரு மேப்பையும் தொட வேண்டாம். கடைப் பக்கத்தை மட்டும் திருத்தினால் போதும். அடுத்த முறை வீரர் கருத்துக் கணிப்பு வரும்போது நான் முதலில் எழுதப்போவது இதைத்தான், நீங்களும் எழுதுங்கள்.